புகை நின்ற மூட்டம்

ஏப்ரல் 4, வெள்ளி

இது கரி வியாபாரி பொங்கலுக்குக் கொடுத்த டைரி. கரி எடுக்க விறகு மூட்டம் என்றைக்கு அடுக்கினேன், என்றைக்குத் தீ வைத்தேன், என்றைக்குப் பிரித்தேன் என்பதைத் தவிர இதில் நான் வேறு எதுவும் எழுதுவதில்லை. இன்றைக்கு மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

ஐப்பசி மழையும் பொய், கார்த்திகை மழையும் பொய். ஊரணி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. காலையில் தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் முந்தினாள் என்று கோட்டைச்சாமியின் பெண்டாட்டி பக்கத்து வீட்டுக்காரியின் மண்டையில் எவர்சில்வர் குடத்தால் ஓங்கி அடித்தாள். மண்டை பிளந்து ரத்தம் குடத்துக்குள் சொட்டியது. அந்தத் தண்ணீரை யாரும் கீழே ஊற்றவில்லை. கோட்டைச்சாமி ஆட்டுக்காரன், தோளில் எப்போதும் அரிவாள் தொங்கும். அவன் அரிவாளைக் கையில் எடுத்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மனிதர்களை வெயில் இப்படி ஆக்கிவிட்டது.

எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. மச்சினன் தர்மரின் நிலத்தில் சீமைக்கருவை காடாக நிற்கிறது. இந்த வருஷம் அதை வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். மூன்று மூட்டமாவது வரும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆறுதல் போய்விட்டது.

தர்மர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெயர் ஜெனோவா, தூத்துக்குடிப் பக்கம், ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. தர்மரின் நிலத்து நடுவில் ஒரு இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள். அதன் கையில் நாலு கண்ணாடி முட்டைகள். இரண்டு வானத்தைப் பார்க்கின்றன, இரண்டு தரையைப் பார்க்கின்றன. இனி ஒரு வருஷம் அந்தப் பக்கம் மூட்டம் போடக் கூடாதாம்.

"மேல பாக்குறது வானத்துல இருந்து வர்ற வெயிலையும் சூட்டையும் அளக்கும் அண்ணாச்சி. கீழ பாக்குறது தரை திருப்பி விடுறதை அளக்கும். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, தங்குனது எவ்வளவு. அவ்வளவுதான்."

"தங்குனா என்ன?"

"தங்கத் தங்க சூடு ஏறும். நிலக்கரி, பெட்ரோல், டீசல் எல்லாம் எரிச்சு எரிச்சு கரியமில வாயு காத்துல சேந்துக்கிட்டே போகுது. அது வெயிலை உள்ள விட்டுரும். தரையில இருந்து மேல போற சூட்டை மறிச்சுத் திருப்பி அனுப்பும். உங்க மூட்டத்துல ஓட்டையெல்லாம் அடைச்சிட்டா உள்ள இருக்கிற சூடு எங்க போகும்?"

"அப்ப எங்க மூட்டத்துப் புகைதான் மழையக் கெடுத்துச்சுங்கிறீக."

"இல்ல அண்ணாச்சி. உங்க புகை கடுகளவு. கணக்குலயே வராது. கருவை மறுபடி முளைச்சு அதை வாங்கிக்கும். அனல் மின் நிலையம், லட்சக்கணக்குல ஓடுற வண்டி, பெரிய பெரிய ஆலை, அதுகளைத்தான் சொல்றேன்."

"கணக்குல வராதுன்னா, பெறகு ஏன் மூட்டம் போடக் கூடாதுங்கிறீக?"

"கண்ணாடில கரி படியும். ஒரு வருஷம் மட்டும் இந்தப் பக்கம் போடாம இருந்தாப் போதும். மரத்தையும் வெட்டக் கூடாது, நிலம் இருக்கிறபடியே இருக்கணும்."

என் புகைதான் உலகத்தைக் கெடுத்தது என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கடுகளவாம். கண் எரிய, நெஞ்சு எரிய நான் விட்ட புகை கணக்கிலேயே வராதாம்.

என் பெண்டாட்டி பூமயில் அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். "சரின்னு சொல்லுங்க, எந்தம்பி வாக்குக் குடுத்துட்டான்" என்றாள். தர்மர் கையை நீட்டினான். "மச்சான், ஒரு வருசம் இங்கிட்டு மூட்டம் வேண்டாம். எனக்காக."

அவன் கையில் அடித்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

வெட்ட மரம் இல்லை. அரிவாளைச் சும்மா தீட்டினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். டீக்கடையில் தர்மர் எல்லோருக்கும் கம்பத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். செல்போனில் எண்களைக் காட்டுகிறான். பத்தாவதில் கணக்கில் தோற்றவன். வந்த சூடு இவ்வளவு, போன சூடு இவ்வளவு, மிச்சம் நம்ம தலையில என்கிறான். ஒருத்தருக்கும் புரியவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இதுல என்னப்பா புரியல? மேல பாக்குற கண்ணாடி வெயில இழுக்குது, கீழ பாக்குற கண்ணாடி அத நம்ம ஊருல ஊத்துது" என்றேன். கடையே சிரித்தது, தர்மரும் சிரித்தான். கோட்டைச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. "கம்பம் நட்ட பெறகுதான இப்பிடிக் காயுது" என்றான். கம்பம் நட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை, வெயில் மாசியிலிருந்தே கொளுத்துகிறது. அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது, குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

தர்மரைக் கை நீட்டிவிட்டேன்.

வேலியோரத்தில் பட்டுப்போன கருவையை மட்டும் வெட்டிக்கொள்கிறேன் என்று கேட்டேன். முடியாது என்றான். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. திருப்பி அடிப்பான் என்று நினைத்தேன். "அக்கா கிட்டச் சொல்லாதீக, வருத்தப்படும்" என்று சொல்லிவிட்டு அடிபம்பைத் தேடிப் போனான். பம்பில் காற்றுதான் வரும்.

போன வருஷம் வேறு இடத்தில் வெட்டிப் போட்ட விறகு கண்மாய்க் கரைக்குப் பின்னால் கிடக்கிறது. காய்ந்து சுக்காகிவிட்டது. அப்படியே விட்டால் செல்லரித்துவிடும்.

ஏப்ரல் 21, திங்கள்

கோட்டைச்சாமியின் ஆடுகள் செத்தன. ஊரணி நடுவில் மிச்சமிருந்த சேற்றைத் தேடிப் போய், சிக்கி, எழ முடியாமல் வெயிலில் வெந்து செத்திருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இழுத்தான். வயிறு ஊதிய ஆடுகளைக் கம்பத்தடியில் குவித்து, கம்பத்தையும் அரிவாளால் வெட்டினான். இரும்பில் பட்டு அரிவாள் தெறித்தது. குரைத்துக்கொண்டு ஓடிவந்த தர்மரின் நாயை வெட்டினான். இரண்டே வெட்டு.

ஊர் முழுக்க இப்போது ஒரே பேச்சு, கண்ணாடி முட்டை வெயிலை இழுக்கிறதாம். யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. பெண்கள் அந்தப் பக்கம் பிள்ளைகளை விடுவதில்லை.

தர்மர் நாயைப் புதைத்தான். நானும் குழி வெட்டக் கூடப் போனேன். "மச்சான், நீங்க சொன்னா ஊரு கேக்கும். அது வெறும் அளவுகோலுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. காய்ச்சல அளக்குற கருவியா காய்ச்சலக் கொண்டுவருது?" என்றான்.

சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

என் நிலத்தில், பழைய மூட்டங்கள் விட்டுப்போன கரிமண் மேட்டில் கொஞ்சம் வேலை. முதுகு வலி.

ஏப்ரல் 24, வியாழன்

ஜெனோவாவின் ஜீப்பைக் கல்லால் அடித்தார்கள். கண்ணாடி நொறுங்கி அவள் நெற்றியிலும் கழுத்திலும் ஏறிவிட்டது. பூமயில்தான் ஒவ்வொரு சில்லாகப் பிடுங்கி மஞ்சள் வைத்தாள். அந்தப் பெண் அழவில்லை. "கம்பத்தைக் கழட்டிருவோம் தர்மர், உயிரைவிட அது பெரிசு இல்ல" என்றாள்.

தர்மர் ஒத்துக்கொள்ளவில்லை. "நடுவுல விட்டா வருசக் கணக்கு வராதுன்னு நீங்கதான சொன்னீக. இம்புட்டுக் காலம் இங்க எவன் வந்து அளந்தான்? நம்ம வெயில நாமளே அளக்காம, யாரோ செஞ்ச பாவத்துக்கு ஆடும் மாடும் செத்துப்போச்சுன்னு யாரு கிட்டப் போயிச் சொல்றது? கையில கணக்கு வேணும்."

இப்படி ஒரு பிடிவாதம் அவனுக்கு எங்கிருந்து வந்ததோ. பூமயில் என்னைப் பார்த்து, "நீங்க ஊருக்குள்ள பேசுங்களேன்" என்றாள். பேசுகிறேன் என்றேன். வேலை இருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

விடிந்ததும் தீ வைத்தேன். சின்னதுதான். பழைய கரிமண் மேடுகள் இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் அடுக்கி, செத்தை போட்டு, மேலே ஈரமண் பூசி, அதற்கும் மேலே பழைய கரிமண்ணையே தூவிவிட்டேன். மூன்றும் ஒன்றாகத் தெரிகின்றன. புகையைப் பற்றிப் பூமயில் கேட்டாள். முள் எரிக்கிறேன் என்றேன். வாக்கு என்றால் பெரிய மூட்டத்துக்குத்தானே. கடுகளவு என்று ஜெனோவாவே சொன்னாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஓட்டைகளை அடைத்துவிட்டேன், புகை நின்றுவிட்டது. இனி ஒரு வாரம் உள்ளேயே வேகும். புகை வருகிற மூட்டத்தைப் பற்றிப் பயமில்லை. புகை நின்ற மூட்டத்தில்தான் மேலே மண் குளிர்ந்து தெரியும், உள்ளே விறகு சுருங்கிப் பொந்து விழுந்திருக்கும், அடியில் நெருப்பு. பலகை போடாமல் கால் வைக்கிறவன் தொலைந்தான். எங்கள் தொழிலில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மூட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் தர்மரும் கால் வைக்கமாட்டான்.

தண்ணீர் லாரியை வழிமறித்து டிரைவரின் பல்லைத் தட்டிவிட்டார்கள். இனி வரமாட்டார்களாம்.

ஏப்ரல் 30, புதன்

ஊர்க் கூட்டம். கோயில் வாசலில் கோட்டைச்சாமி சத்தியம் செய்தான். வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் கம்பத்தைச் சாய்ப்பது, தடுக்கிறவன் கையை வாங்குவது. என்னிடம், "நீ என்னப்பா சொல்ற, உன் மச்சினன் காடு" என்றார்கள். ஊரோடு ஒத்துப் போகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல? அந்தக் கண்ணாடிப் பேச்சு வெறும் விளையாட்டு என்று அப்போது சொல்லியிருந்தால் என் கையைத்தான் வாங்கியிருப்பார்கள்.

தர்மருக்கு ஒன்றும் ஆகக் கூடாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். பூமயிலை நாட்டுக்கோழி அடிக்கச் சொன்னேன். அவனைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

மே 3, சனி

இடது கையால் எழுதுகிறேன். வலது கை வெந்துவிட்டது.

நேற்று தர்மர் வந்தான். கோழிக்குழம்பை விரும்பிச் சாப்பிட்டான். "மச்சானுக்கு எம்மேல கோவம் தீந்துருச்சு" என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தான். உதட்டில் நான் கிழித்த புண் முழுசாக ஆறாமல் இருந்தது. இரண்டாம் சோறு போடும்போது இரும்பு அடிபடும் சத்தம் கேட்டது. கை கழுவாமல் எழுந்தான். கதவை மறித்தேன், என்னைத் தள்ளிவிட்டு ஓடினான்.

வழக்கமான பாதை கண்மாய்க் கரையைச் சுற்றிப் போகும். அவசரத்தில் அவன் என் நிலத்தில் இறங்கிக் குறுக்கே ஓடினான். மூன்றும் பழைய கரிமண் மேடுகள் என்று நினைத்துத்தான் ஓடினான். நான் பின்னால் ஓடிக்கொண்டே கூப்பிட்டேன். "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

நடு மேட்டில் கால் வைத்தான். இடுப்புவரை இறங்கிவிட்டான்.

அந்தச் சத்தத்தை எழுத முடியாது. மண் விலகியதும் காற்று உள்ளே போய், சுற்றிலும் நெருப்பு சீறி எழுந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். தோல் என் கையோடு வந்தது. மறுபடி அக்குளில் கை கொடுத்து இழுத்து வெளியே போட்டேன். வேட்டி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீரும் குழைத்த மண்ணும் இருந்தன, மூட்டத்துக்கு வைத்தவை. மண் அள்ளினேன். தண்ணீர் ஊற்றினேன். பூமயில் ஓடி வந்தாள். தன் சேலையை அவிழ்த்து அவன்மேல் போட்டு விழுந்து புரண்டாள்.

அங்கே கம்பம் சாய்ந்தது. கண்ணாடி முட்டைகளைக் கல்லால் நசுக்கி ஆரவாரம் போட்டார்கள். எங்கள் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை.

மே 4, ஞாயிறு

மதுரை ஆஸ்பத்திரி. போலீஸ் வந்து கேட்டது. ஊர்க்காரர்கள் விரட்டி வந்ததில் விழுந்தான் என்றேன். விரட்டியது யார் என்றார்கள். கோட்டைச்சாமி அரிவாளோடு நின்றான் என்றேன். அரிவாளோடு நின்றது உண்மைதானே. மூட்டம் யாருடையது என்றார்கள். பழைய மேடு, உள்ளே கங்கு கிடந்தது தெரியாது என்றேன்.

வார்டில் எல்லோரும் என் கைக்கட்டைப் பார்க்கிறார்கள். மச்சினனுக்காக நெருப்பில் கை விட்டவர் என்று ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம் சொன்னாள். கேட்டுக்கொண்டே நின்றேன்.

மே 5, திங்கள்

தர்மர் காலையில் போய்விட்டான்.

மே 6, செவ்வாய்

எடுத்தாயிற்று. நெற்றியில் தையலோடு ஜெனோவா வந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போன மாசம் இருபத்தஞ்சாம் தேதியில இருந்து நாலு நாள் வெயில் அளவு தப்பாவே வந்துச்சு அண்ணாச்சி. பக்கத்துல புகை இருந்தாத்தான் அப்படி விழும். தர்மர் கிட்டக் கேட்டேன். 'எங்க மச்சான் கையடிச்சுக் குடுத்திருக்காரு, மூட்டம் போடமாட்டாரு, யாரோ முள்ளு எரிக்கிறாக'ன்னு சொன்னார்."

"முள்ளுதான் எரிச்சேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பூமயில் சுவரோரம் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோட்டைச்சாமியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் அடி பலமாம்.

மே 8, வியாழன்

மழை. சாயங்காலம் மேற்கே கருத்து, பேய்க்காற்று, இடி. ஓலைக் கொட்டகைகள் பறந்தன. கண்மாய்க் கரையில் நின்ற பனையில் இடி விழுந்து உச்சி எரிந்தது. பிறகு கொட்டித் தீர்த்தது. இவ்வளவு நாள் தேங்கிய சூடு கிளப்பிவிட்ட கோடை மழைதான். ஆனால் ஊரே தெருவில் இறங்கி ஆடியது. "கம்பம் சாஞ்சுச்சு, மழை வந்துருச்சு" என்று கத்துகிறார்கள். இனி எவன் வந்து என்ன சொன்னாலும் இந்த ஊர் நம்பாது. ஜெயிலில் இருக்கும் கோட்டைச்சாமி பெயரைச் சொல்லிக் குலவை போட்டார்கள்.

வீட்டுக்கு வீடு அண்டா, குடம், சட்டி எல்லாம் முற்றத்தில். நானும் ஒற்றைக் கையால் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். பூமயில் வெளியே வந்தாள். ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்து வைத்தாள். நான் நிமிர்த்தினேன், அவள் மறுபடி கவிழ்த்தாள். கை ஓங்கினேன். அவள் அசையாமல் நின்று என் கைக்கட்டைப் பார்த்தாள். கையைக் கீழே போட்டேன்.

நல்லவேளை, மூட்டத்தின்மேல் தார்ப்பாய் போட்டிருந்தேன்.

மே 12, திங்கள்

மூட்டம் பிரித்தேன். கூலிக்கு இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்றும் கேளாமல் பூமயில் கூடவே வந்து நின்றாள். கரிக்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், இந்தத் தொழிலில் அவளுக்குத் தெரியாதது இல்லை.

மண்ணை விலக்கினோம். அருமையான கரி. நீலம் பாய்ந்து, விரல் நீளம் விரல் நீளமாக, ஒடித்தால் கண்ணாடி போல் மின்னுகிறது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கரி எனக்கு வந்ததில்லை. கூலிக்காரன்கூட, "ஒரு பிடி சாம்பல் இல்லையே" என்று ஆச்சரியப்பட்டான்.

"எந்தம்பி விழுந்த எடம் எது?" என்று பூமயில் கேட்டாள்.

காட்டினேன். குனிந்து அந்த இடத்துக் கரியைக் கையால் அள்ளினாள். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தாள். நல்ல கரிக்கு உள்ள சத்தம் கணீரென்று வந்தது.

"இம்புட்டுப் பெரிய ஓட்ட விழுந்தா, வெத்தல மெல்லுற நேரத்துல இந்தப் பக்கம் பூராச் சாம்பலாயிருக்கும்" என்றாள். "ஒன்னும் ஆகல."

"மழை பெஞ்சதுல அணைஞ்சிருக்கும்."

"மழை வியாழக்கெழம பெஞ்சுச்சு. எந்தம்பி வெள்ளிக்கெழம விழுந்தான்." குரல் உயரவே இல்லை. "நான் ஓடியாரும்போது அவன் எரிஞ்சுக்கிட்டுக் கெடந்தான். ஓட்ட மூடியிருந்துச்சு. அவனத் தூக்கிப் போட்டுட்டு மொதல்ல மண்ண எங்க அள்ளிப் போட்டீக?"

கை தானாகச் செய்தது என்று சொன்னேன். முப்பது வருஷப் பழக்கம், ஓட்டை விழுந்தால் கை மண்ணுக்குத்தான் போகும் என்று சொன்னேன். அதற்குள் அவள் கரையேறிவிட்டாள். கையைக் கழுவவில்லை. அந்த இரண்டு கரித்துண்டுகளையும் முந்தானையில் முடிந்திருந்தாள்.

சாயல்குடி பஸ்ஸில் ஏறினாள் என்று டீக்கடையில் சொன்னார்கள். அவள் அம்மா வீடு கமுதிப் பக்கம். சாயல்குடியில் எங்களுக்கு யாரும் இல்லை. அங்கே இருப்பது போலீஸ் ஸ்டேஷன்தான்.

கரியை மூட்டையில் கட்டச் சொல்லிவிட்டேன். சாயல்குடிக்கு அடுத்த பஸ் ஐந்து மணிக்கு. இன்றைக்கு வெயில் மறுபடி கடுமையாக அடிக்கிறது.